மாலுமியை விடுவிப்பவர் யார்?

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இலக்கியம் பேசவும் சமயம் பேசவும் வல்லவர்கள் பலர் அமர்ந்திருக்கும் இந்த அவையில், ரயில்வே எழுத்தனாகிய நான் கப்பலைப் பற்றிப் பேச முன்வந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தண்டவாளத்துக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். என் மேசைக்கு நாள்தோறும் வருபவை, பணியிலிருந்து ஓய்வு பெறுவோர், விலகுவோர் ஆகியோரின் கணக்குத் தாள்கள். ஒரு தொழிலாளியைப் பணியிலிருந்து விடுவிப்பது எவ்வளவு பொறுப்பான செயல் என்பதையும், அந்தத் தாளில் ஒரு வரி பிசகினால் ஒரு குடும்பம் எத்தனை மாதம் அலைய நேரும் என்பதையும் இருபது ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன். கப்பல் தொழிலில் இந்த விடுவிப்பை ‘டிஸ்சார்ஜ்’ என்கிறார்கள். நம் நாட்டு மாலுமி தன் கையில் வைத்திருக்கும் சி.டி.சி. என்னும் ஏட்டின் பெயரிலேயே இந்தச் சொல் அடங்கியிருக்கிறது. இந்த ஒரு சொல்லைப் பற்றியதே இன்றைய என் உரை.

இதை நான் படிக்க நேர்ந்த காரணத்தை முதலில் கூறிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தின் படிப்பகத்துக்கு ஓர் இளைஞர் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையூர் அவருக்குச் சொந்த ஊர். அயல்நாட்டுக் கொடி பறக்கும் சரக்குக் கப்பல் ஒன்றில் மாலுமியாக வேலை பார்த்தவர். ஏழு மாதச் சம்பளம் பாக்கி. ஓர் அயல்நாட்டுத் துறைமுகத்தில் அவரிடம் ஒரு தாளை நீட்டிக் கையொப்பம் வாங்கிக்கொண்டு, விமானச் சீட்டு ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ‘இருதரப்பாரின் சம்மதத்தின் பேரில் பணிவிடுவிப்பு’ என்று அந்தத் தாளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வீட்டுக்குப் போனால் போதும் என்ற நிலையில் இருந்தவர் அதைப் படித்துப் பார்க்கவில்லை.

கையொப்பமிடுவதற்கு முன் அவர் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தத் துறைமுகத்து வழக்கறிஞர் ஒருவரை அணுகியிருக்கிறார். இது கொடி நாட்டின் விவகாரம், அந்த நாட்டுக் கான்சலின் கருத்தை நீதிமன்றம் கேட்கும் என்றாராம் அவர். கொடி நாட்டுக்கோ அந்த ஊரில் கான்சலே இல்லை. நம் நாட்டு அலுவலகத்தை அணுகினால், கப்பல் நம்முடையதல்லவே என்ற பதில் கிடைத்திருக்கிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் எங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: “அண்ணாச்சி, என்னைக் கப்பலிலிருந்து விட்டது யாரு? காப்டனா, கான்சலா, கோர்ட்டா?”

எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. அந்த விடையைத் தேடி நூல்நிலையங்களில் நான் படித்தறிந்தவற்றையே உங்கள் முன் வைக்கிறேன்.

கான்சல் என்பவர் யார்? ஒரு நாடு தன் வாணிபத்தையும் தன் மக்களையும் கவனிக்க அயல்நாட்டு ஊர்களில் அமர்த்தும் அதிகாரி. வாணிபத் தூதர் என்று சொல்லலாம். அரசருக்கும் அரசருக்கும் இடையே பேசும் தூதர் வேறு, இவர் வேறு. முற்காலத்தில் இவருடைய அலுவலின் பெரும்பகுதி கப்பல்களையும் மாலுமிகளையும் பற்றியதே. மாலுமிக்கு இவர் தேவைப்பட்டது ஏன்? பாய்மரக் கப்பல் காலத்தில் போகும்போது நிறைய ஆட்கள் வேண்டும். துறைமுகத்தில் மாதக்கணக்காக நிற்கும்போது அவ்வளவு பேர் வேண்டியதில்லை. ஆகவே மீகாமன், அதாவது காப்டன், வேண்டாத ஆட்களை அங்கேயே இறக்கிவிட்டுப் போய்விடுவான். மொழி தெரியாத ஊரில், கையில் காசின்றி, நோயுடன் அலைந்து மாண்ட மாலுமிகள் பலர்.

இக்கொடுமையைத் தடுக்க அமெரிக்க நாடு 1803-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தது. அந்நாட்டை நான் எடுத்துக்கொள்ளக் காரணம், எல்லா நாட்டு மாலுமிகளும் வந்திறங்கிய துறைமுகங்கள் அங்கே இருந்தமையும், இவ்வழக்குகளின் தீர்ப்புகள் அங்கே அச்சில் கிடைப்பதுமே. அந்தச் சட்டப்படி, அமெரிக்கக் கப்பல் அயல்நாட்டுத் துறைமுகத்தை அடைந்ததும் மீகாமன் தன் கப்பலின் பதிவுத் தாள்களைக் கான்சலிடம் ஒப்படைக்க வேண்டும். தவறினால் 500 டாலர் தண்டம். அங்கே ஒரு மாலுமியை விடுவித்தால், சேரவேண்டிய சம்பளத்துக்கு மேல் மூன்று மாதச் சம்பளத்தைக் கான்சலிடம் கட்ட வேண்டும். அதில் இரு பங்கு, நாடு திரும்பும் கப்பலில் அந்த மாலுமி அமரும்போது அவனுக்குக் கிடைக்கும். மூன்றாவது பங்கு, ஆதரவற்ற மாலுமிகளை ஊருக்கு அனுப்பும் நிதியில் சேரும்.

அன்பர்களே, எவ்வளவு அருமையான ஏற்பாடு என்று பாருங்கள்! மாலுமியைக் கரையில் எறிவதற்கு ஒரு விலை வைத்தார்கள். ஆனால் விலை வைத்த இடத்தில் தந்திரமும் முளைத்தது. ஒரு மாலுமி தானாகக் கப்பலை விட்டு ஓடிப்போனால் மூன்று மாதச் சம்பளம் கட்ட வேண்டியதில்லை. அவனுக்குச் சேரவேண்டிய பழைய சம்பளமும் பறிமுதல். எனவே, விடுவிக்க விரும்பிய மாலுமியை அடித்தும் பட்டினி போட்டும் அவனே ஓடிப்போகுமாறு செய்த மீகாமன்கள் உண்டு. 1840-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தில் இதற்கும் ஒரு மாற்று வைத்தார்கள். ஓடிப்போய்ப் பிடிபட்டவனைக் கான்சல் விசாரிக்க வேண்டும். கொடுமை தாங்காமல் ஓடினான் என்று தெரிந்தால் அவனை விடுவித்து, மூன்று மாதச் சம்பளமும் வாங்கித் தர வேண்டும். ஆனால் அதே சட்டம், மீகாமனும் மாலுமியும் சேர்ந்து கேட்டுக்கொண்டால், அந்த மூன்று மாதச் சம்பளம் இல்லாமலே விடுவிக்கவும் கான்சலுக்கு அதிகாரம் அளித்தது. ‘இருதரப்பாரின் சம்மதம்’ என்று நம் இளைஞர் கையொப்பமிட்ட தாளின் பாட்டனார் இங்கேதான் பிறந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. இருட்டறையில் அடைபட்டுப் பசித்திருப்பவனின் சம்மதம் என்ன சம்மதம்?

இனி, கான்சல் நடுநிலையாளராக இருந்தாரா என்று பார்க்க வேண்டும். 1856-ஆம் ஆண்டுச் சட்டம் சம்பளத்தை ஒழுங்குபடுத்தும் வரையில், அமெரிக்கக் கான்சல்களில் மிகப் பலர் அரசாங்கச் சம்பளம் பெறாதவர்கள். அலுவலகக் கட்டணத்தைக் கொண்டு வாழ்ந்தவர்கள். பலர் அந்தத் துறைமுகத்து வணிகர்களும்கூட. கப்பலுக்கு அரிசியும் கயிறும் விற்பவரே கப்பலின் வழக்கையும் தீர்த்தால், தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நல்லவர்கள் இல்லாமல் போகவில்லை. நதேனியல் ஹாதார்ன் என்னும் புகழ்பெற்ற எழுத்தாளர் 1853 முதல் 1857 வரை லிவர்பூலில் அமெரிக்கக் கான்சலாக இருந்தார். அடிபட்ட மாலுமிகள் தம் அலுவலகப் படியேறி வந்ததைப் பின்னர் தம் நூலில் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். மனம் இருந்தும், கொடுமை செய்தவனைத் தண்டிக்கும் அதிகாரம் அவர் கையில் இல்லை.

ஆகவே மாலுமிகள் வேறொரு கதவைத் தட்டினார்கள். அதுதான் கப்பல் நிற்கும் ஊரின் நீதிமன்றம். அங்கேதான் சச்சரவு மூண்டது. கப்பலுக்குள் நடப்பது கொடி நாட்டின் விவகாரம், உள்ளூர் நீதிபதிக்கு அதில் என்ன வேலை என்றார் கான்சல். என் துறைமுகத்தில் நிற்பவன் நியாயம் கேட்டால் நான் காதை மூடிக்கொள்வதா என்றார் நீதிபதி.

இதற்கு நல்ல சான்று ‘எல்வின் கிரெப்லின்’ என்னும் பிரஷ்யக் கப்பலின் வழக்கு. அந்தக் கப்பல் நியூயார்க் துறைமுகத்தில் நின்றபோது, மாலுமிகள் தங்கள் சம்பளத்துக்காக அங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். பிரஷ்யக் கான்சல் ஆட்சேபித்தார். அவர் கையில் வலுவான ஆயுதம் ஒன்று இருந்தது: 1828-ஆம் ஆண்டு உடன்படிக்கை. மீகாமனுக்கும் மாலுமிகளுக்கும் இடையே எழும் பிணக்குகளில் கான்சலே நீதிபதியாக அமரலாம். ஊரின் அமைதி கெட்டாலொழிய உள்ளூர் அதிகாரிகள் தலையிடலாகாது என்பது அதன் பத்தாம் விதி. மாவட்ட நீதிபதி இதற்கு இணங்காமல் வழக்கை விசாரித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றமோ கான்சல் பக்கம் நின்று வழக்கைத் தள்ளியது. மாலுமிகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றார்கள். 1871-ஆம் ஆண்டுத் தவணையில், கீழ் நீதிமன்றத்துக்குக் கட்டளையிட இயலாது என்று உச்ச நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது.

அந்தப் பத்தாம் விதியிலேயே இன்னொரு வாசகமும் உண்டு. கான்சலின் தீர்ப்பு முடிவானதன்று. ஊர் திரும்பியதும் தம் நாட்டு நீதிமன்றத்தை நாடும் உரிமை இருதரப்பாருக்கும் உண்டு என்பது அது. ஏட்டில் அழகான உரிமைதான். நியூயார்க்கில் நிற்கும் மாலுமி பால்டிக் கடற்கரை திரும்பி, மீகாமனையும் சாட்சிகளையும் தேடிப் பிடித்து வழக்காடுவது எக்காலம்? காலம் கடந்து தரப்படும் சம்பளம், பந்தி முடிந்தபின் போட்ட இலை போன்றதல்லவா?

உடன்படிக்கை குறுக்கே நில்லாத இடங்களில் நீதிமன்றங்கள் இன்னும் சற்று துணிவு காட்டின. 1885-ஆம் ஆண்டில் ‘பெல்கன்லாந்து’ என்ற கப்பலின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இக்கொள்கையைத் தெளிவாக எடுத்துரைத்தது. அந்த வழக்கு இரு கப்பல்கள் மோதியதைப் பற்றியதுதான். எனினும் தீர்ப்பெழுதிய நீதிபதி பிராட்லி மாலுமிகளைப் பற்றியும் கூறினார். அயல்நாட்டு மாலுமிகளின் சம்பள வழக்கை எடுத்துக்கொள்வது நீதிமன்றத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது. பொதுவாகக் கான்சலின் இசைவைப் பெறுவது வழக்கம். ஆனால் மாலுமி பணியிலிருந்து நீக்கப்பட்டிருந்தாலோ, மிகுந்த கொடுமைக்கு ஆளாகியிருந்தாலோ, கான்சல் ஆட்சேபித்தாலும் விசாரிக்கலாம் என்பது அதன் சாரம். விடுவிக்கப்பட்ட மாலுமி கப்பலுக்கும் சொந்தமில்லை, கரைக்கும் சொந்தமில்லை. அந்த நேரத்தில்தான் அவனுக்கு நீதிமன்றம் மிகவும் தேவை.

மறுவருடம், 1886-இல், ஜெர்சி நகரத் துறையில் நின்ற ‘நூர்ட்லாந்து’ என்னும் பெல்ஜியக் கப்பலில் ஒரு மாலுமி மற்றொருவனைக் கத்தியால் குத்திக் கொன்றான். 1880-ஆம் ஆண்டு உடன்படிக்கையைக் காட்டி, குற்றவாளி எனக்கே உரியவன் என்றார் பெல்ஜியக் கான்சல். கப்பலின் உள் ஒழுங்கு கான்சலுக்கு. கொலை போன்ற பெருங்குற்றமோ துறைமுகத்தின் அமைதியையே குலைப்பது, ஆகையால் அது உள்ளூர் நீதிமன்றத்துக்கு என்று 1887-இல் தீர்ப்பாயிற்று. அறிஞர்கள் பெரிதும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு இது. எனக்கோ இதைப் படித்தபோது மனத்தில் ஒரு முள் தைத்தது. ஒருவன் உயிரை மற்றொருவன் எடுத்தால் ஊரின் அமைதி குலைகிறது. ஒருவனுடைய ஆண்டு முழுவதன் உழைப்பை எடுத்துக்கொண்டு கரையில் தள்ளினால் குலையாதா?

இக்கேள்வியை எழுப்பிச் சட்டமாக்கியவர்கள் மாலுமிகளே. நார்வேயில் பிறந்து அமெரிக்கா சென்ற ஆண்ட்ரூ ஃபுருசெத் என்னும் மாலுமி, தம் வாழ்நாளையே இதற்குச் செலவிட்டார். அக்காலத்தில் ஒப்பந்தம் முடியுமுன் கப்பலை விட்டு இறங்கிய மாலுமியைச் சிறையில் அடைக்கலாம். பிடித்து வந்து மீண்டும் கப்பலில் ஏற்றலாம். அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்த அரசியல் சட்டத் திருத்தம்கூட மாலுமியைக் காக்காது என்று 1897-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருந்தது. அயல்நாட்டு மாலுமியாயின், கான்சல் ஒரு கடிதம் எழுதினால் போதும், உள்ளூர்க் காவலர் அவனைப் பிடித்துத் தர உடன்படிக்கைகள் இருந்தன. ஃபுருசெத்தின் இடைவிடாத முயற்சியாலும், லா ஃபொலெட் என்னும் செனட்டரின் துணையாலும் 1915-ஆம் ஆண்டில் மாலுமிகள் சட்டம் பிறந்தது. ஓடிப்போன மாலுமியைக் கைது செய்யும் முறை ஒழிந்தது. அதற்கு இடமளித்த உடன்படிக்கை விதிகளை நீக்குமாறு அரசாங்கத்துக்கு ஆணையிடப்பட்டது. துறைமுகத்தை அடைந்த மாலுமி, அதுவரை உழைத்த சம்பளத்தில் பாதியைக் கேட்டுப் பெறலாம். தர மறுத்தால் ஒப்பந்தத்திலிருந்து விடுதலையாகி முழுச் சம்பளமும் கோரலாம். அமெரிக்கத் துறைமுகத்துக்கு வரும் அயல்நாட்டுக் கப்பல் மாலுமிகளுக்கும் இவ்வுரிமை உண்டு; அவர்களுக்கு நீதிமன்றக் கதவும் திறந்திருக்கும்.

உடனே இது சோதனைக்கு வந்தது. 1916-இல் லிவர்பூலில் பிரிட்டிஷ் கப்பல் ஒன்றில் அமர்ந்த டில்லன் என்ற மாலுமி, புளோரிடாவின் பென்சகோலா துறைமுகத்தில் பாதிச் சம்பளம் கேட்டார். பயணம் முடிந்த பிறகே சம்பளம் என்பது ஒப்பந்தம் என்று மீகாமன் மறுத்தான். 1920-இல் உச்ச நீதிமன்றம் டில்லன் பக்கம் தீர்ப்பளித்தது. பிரிட்டிஷ் மாலுமி, பிரிட்டிஷ் கப்பல், பிரிட்டனில் எழுதிய ஒப்பந்தம். ஆயினும் அமெரிக்கத் துறைமுகத்தில் நியாயம் கிடைத்தது. எல்வின் கிரெப்லின் மாலுமிகளுக்கு மூடிய கதவு, ஐம்பது ஆண்டுகளுக்குள் டில்லனுக்குத் திறந்தது.

அப்படியானால் கான்சல் கொடியவர், நீதிமன்றமே புகலிடம் என்று முடிவு செய்துவிடலாமா? நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். பின்னர் அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றைப் படித்தேன். 2017-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், எகிப்து நாட்டின் அடபியா துறைமுகத்தில் ‘அமான்’ என்னும் சரக்குக் கப்பல், சான்றிதழ்கள் காலாவதியானதால் தடுத்து வைக்கப்பட்டது. மீகாமன் கரையில் இருந்த வேளையில், உள்ளூர் நீதிமன்றம் கப்பலின் முதன்மை அதிகாரியாகிய சிரியா நாட்டவர் ஒருவரைக் கப்பலின் சட்டப்படியான காப்பாளர் என்று அறிவித்துவிட்டது. மற்றவர் ஒவ்வொருவராக ஊர் திரும்பினர். இவர் மட்டும் தனியே நின்றார். மின்விளக்கில்லாத கப்பலில் இரவைக் கழித்தார். கைப்பேசிக்கு மின்னேற்றக் கரைக்கு நீந்திப் போனார். தாயார் இறந்த செய்தியும் அங்கேதான் எட்டியது. 2021-ஆம் ஆண்டு ஏப்ரலில், தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவர் காப்பாளர் பொறுப்பை ஏற்றுக்கொண்ட பிறகே அவருக்கு விடுதலை. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள்! இங்கே மாலுமியை விடுவிக்க மறுத்தது உள்ளூர் நீதிமன்றமே.

ஆகவே நான் கண்ட உண்மை இது. கான்சலா, நீதிமன்றமா என்று இரண்டு அதிகாரங்கள் தமக்குள் எல்லை வகுத்துக்கொள்வதால் மட்டும் மாலுமி காப்பாற்றப்படுவதில்லை. யாருடைய அனுமதியையும் எதிர்பாராமல், அவனே தன் வாயால் நியாயம் கேட்கும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். அந்த உரிமை இருக்குமிடத்தில் கான்சலும் உதவுவார், நீதிபதியும் உதவுவார். அது இல்லாவிடில் ஒருவர் மற்றவரைச் சுட்டிக்காட்டிவிட்டு ஓய்ந்துவிடுவார்கள். நம் இளைஞருக்கு நேர்ந்தது அதுவே.

உலக நாடுகளும் மெல்ல மெல்ல இதை உணர்ந்து வருகின்றன. 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை, மீகாமனுக்கும் மாலுமிக்கும் இடையேயுள்ள பிணக்கைக் கான்சல் தீர்க்கலாம் என்றது. ஆனால் உள்ளூர் அதிகாரிகளின் அதிகாரத்துக்குக் குறைவு வராமல் என்ற நிபந்தனையோடு. நம் நாடாளுமன்றம் 1958-இல் இயற்றிய வணிகக் கப்பல் சட்டம், அயல்நாட்டில் மாலுமியை விட்டுவர இந்திய அதிகாரியின் இசைவை வேண்டிற்று. ஆயினும் அது இந்தியக் கொடியுடைய கப்பலுக்கே. இக்காலத்திலோ பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் ஆகிய நாடுகளின் கொடிகளே கடலெங்கும் பறக்கின்றன. முதலாளி ஒரு நாடு, கொடி ஒரு நாடு, மாலுமி ஒரு நாடு, துறைமுகம் ஒரு நாடு. இச்சிக்கலுக்கு மருந்தாக வந்தது 2006-ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. இந்தியா 2015-இல் அதை ஏற்றது. எந்தக் கொடிக் கப்பலாயினும், மாலுமி துறைமுக அதிகாரியிடம் நேரே முறையிடலாம். 2017 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, இரண்டு மாதச் சம்பளமாவது தராமல் முதலாளி கைவிட்டால் அவன் கைவிடப்பட்ட மாலுமியாவான். ஊர் திரும்பும் செலவும் நான்கு மாதச் சம்பளம் வரையிலும் காப்பீட்டிலிருந்து கிடைக்க வேண்டும். 1803-இல் மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டச் சொன்ன அறமே இரு நூற்றாண்டு கழித்துக் காப்பீடாக உருவெடுத்திருக்கிறது. இருந்தும் 2024-ஆம் ஆண்டில் மட்டும் 300-க்கு மேற்பட்ட கப்பல்களில் 3,000-க்கு மேற்பட்ட மாலுமிகள் கைவிடப்பட்டதாகச் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் கணக்கிட்டது. நாடுவாரியாகப் பார்த்தால் அவர்களில் இந்தியரே அதிகம்.

நம் இளைஞரின் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். காப்பீட்டுச் சான்றிதழைக் கப்பலில் எல்லோரும் காணும் இடத்தில் ஒட்டி வைக்க வேண்டும் என்பது விதி. ஊருக்கு அனுப்பிய படங்களில் ஒன்றில், நண்பர்களோடு நிற்கும் அவருடைய தோளுக்குப் பின்னே அந்தச் சான்றிதழ் சுவரில் தெரிந்தது! படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் காப்பீட்டாரின் பெயரைக் கண்டுபிடித்தோம். சங்கத்துச் செயலாளரும் நானும் சேர்ந்து மனு எழுதினோம். ஒன்பது மாதம் கழித்து நான்கு மாதச் சம்பளம் வந்தது. எஞ்சிய மூன்று மாத உழைப்பு கடலில் கரைந்த உப்பாயிற்று. அவர் மறுபடியும் கடலுக்குப் போய்விட்டார். வேறு தொழில் அவருக்குத் தெரியாது.

நிறைவாக ஒரு விண்ணப்பம். மும்பைக்கு வரும் நம் பிள்ளைகளில் பலர், கப்பலில் வேலை என்றதும் முகவரின் அலுவலகத்துக்கு ஓடுகிறார்கள். அவர்களை நம் சங்கத்துக்கும் ஒரு முறை வரச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தின் நகலை வீட்டில் ஒன்று, சங்கத்தில் ஒன்று வைக்கட்டும். கப்பலில் ஏறிய முதல் நாளே அந்தக் காப்பீட்டுச் சான்றிதழைப் படமெடுத்து அனுப்பட்டும். கணக்குத் தீராமல் எந்தத் தாளிலும் கையொப்பமிட வேண்டாம். இட்டே ஆகவேண்டிய நிலை வந்தால், ‘சம்பளப் பாக்கி உண்டு’ என்று தன் கையால் எழுதிவிட்டு இடட்டும். வாரந்தோறும் ஞாயிறு மாலை படிப்பகத்தில் அமர்ந்து மனு எழுதித் தர நான் இருக்கிறேன். ஆங்கிலம் நன்கறிந்த உறுப்பினர் இருவர் துணைக்கு வந்தால் போதும்.

‘என்னை விட்டது யார்?’ என்று இனியொரு பிள்ளை இந்தப் படிப்பகத்தில் வந்து கேட்கும்போது, நாம் தலைகுனிந்து நிற்காதிருப்போமாக.